மூச்சுக்கு விட்ட இடம்

எங்கள் பாடகர் குழுவுக்கு நோட்டு வாசிக்கத் தெரியும் என்று யாராவது சொன்னால் நம்பிவிடாதீர்கள். ஐந்து கோட்டில் புள்ளி மேலே ஏறினால் குரல் ஏறும், கீழே இறங்கினால் இறங்கும். அதுவரைக்கும் சரி. ஒரு புள்ளியை எவ்வளவு நேரம் பிடிக்க வேண்டும் என்பதில்தான் தகராறு. அதற்குப் புள்ளி வெள்ளையா கறுப்பா, காம்பில் வால் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இவர்கள் அதையெல்லாம் பார்ப்பதில்லை. ஒரு புள்ளிக்கும் அடுத்த புள்ளிக்கும் நடுவில் தாளில் எவ்வளவு இடம் இருக்கிறதோ, அவ்வளவு நேரம் பிடிப்பார்கள். அகலமாக இருந்தால் இழுப்பார்கள், நெருக்கமாக இருந்தால் ஓடுவார்கள். கீபோர்டு வாசிக்கும் கீத், சிரம்பானில் பள்ளி ஆசிரியர், வருடக்கணக்கில் சொல்லிப் பார்த்துத் தொண்டை வற்றிப்போனதுதான் மிச்சம்.

லாபு எஸ்டேட் சேப்பலில் பாடும் நாங்கள் யாரும் இப்போது எஸ்டேட்டில் இல்லை. தொழிலாளர் லயத்து வீடுகளில் வங்காளதேசத்துப் பையன்கள் இருக்கிறார்கள். நாங்கள் சுற்றியுள்ள தாமான் குடியிருப்புகளிலிருந்து காரிலும் மோட்டார் சைக்கிளிலும் வந்து, வெள்ளிக்கிழமை சாயங்காலம் பயிற்சி செய்துவிட்டு, மாதம் ஒரு ஞாயிறு ஃபாதர் வரும்போது பாடுவோம். என் பெயர் பெட்ரிசியா. நீலாயில் ஒரு தொழிற்சாலை அலுவலகத்தில் வேலை. குழுவுக்குப் பாட்டுகளைக் கணினியில் நோட்டாக அடித்துக் கொடுப்பவள் நான்தான். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று எல்லோருக்கும் தெரியும், அதனால் தாளில் யாரும் காப்பிக்கறை படவிடுவதில்லை.

நோட்டு அடிக்கும் மென்பொருளை வெள்ளைக்காரன் தன் பாஷைக்குச் செய்திருக்கிறான். தமிழை அதற்குள் போட்டால் அது திக்குமுக்காடிப் போகும். 'நெஞ்' என்ற அசை குட்டி நோட்டுக்குக் கீழே வரும், ஆனால் மூன்று எழுத்து அகலம் பிடிக்கும். மென்பொருள் என்ன செய்யும்? எழுத்து முட்டக்கூடாது என்று அடுத்த நோட்டைத் தள்ளி வைக்கும். 'ஓ' என்பது நீளமான நோட்டு, ஆனால் ஒற்றை எழுத்து, அதற்குக் கொஞ்சம் இடம்தான் கிடைக்கும். எங்கள் குழு அதைப் பார்த்து 'நெஞ்'சை இழுத்து, 'ஓ'வை முழுங்கிவிடும். முதல் தடவை அதைக் கேட்டபோது எனக்கு வந்த ஆத்திரத்தில் கணினியைத் தூக்கி எறிந்திருப்பேன்.

பிறகு நானே ஒரு வழி கண்டுபிடித்தேன். மென்பொருள் தானாக வைக்கும் இடைவெளியை நிறுத்திவிட்டு, எழுத்தைச் சின்னதாக்கி, ஒவ்வொரு நோட்டையும் கையால் நகர்த்தி, நேரத்துக்கு ஏற்ற இடம் வைப்பேன். நீளமான நோட்டுக்கு நிறைய இடம், குட்டி நோட்டுக்குக் கொஞ்சம். ஒரு பாட்டுக்கு ஒரு சனிக்கிழமை போய்விடும். "அக்கா, நீங்க இப்படிச் செல்லங் கொடுத்தா அவங்க எப்பதான் எண்ணக் கத்துக்குவாங்க?" என்று கீத் கோபித்துக்கொள்வான். "நீ எண்ண வை, அதுவரைக்கும் நான் நகத்துறேன் லா" என்பேன். பார்க்க அழகாக இருக்கும் என் தாள்கள். அதில் எனக்குக் கர்வம் உண்டு, மறைப்பானேன்.

என் கணவர் மைக்கல்ராஜ் எண்ணெய் மில்லுக்குச் செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டுகிறவர். குழுவில் முன்குரல் அவருடையது. நோட்டும் தெரியாது, கோடும் தெரியாது, காதில் விழுந்தால் போதும். லாரியில் உட்கார்ந்தபடி ஒரு பாட்டுக்கு அவரே மெட்டுப் போட்டார், வார்த்தையும் அவருடையதே.

சோர்ந்து போன நெஞ்சுக்குள்ளே
சொல்லாமல் வந்தவரே
ஓய்ந்து போகும் நேரத்திலும்
ஒதுங்காமல் நின்றவரே

இதுதான் பல்லவி. சரணம் இரண்டு. பூசையில் நற்கருணை அப்பம் கொடுக்கும் நேரத்தில் இதைப் பாடினால் கடைசி பெஞ்சில் இருப்பவர்கள்கூடப் பேச்சை நிறுத்துவார்கள். என் புருஷன் என்பதற்காகச் சொல்லவில்லை.

இந்த வருடம் அவருக்கு மூச்சு விடும்போது விசில் சத்தம் கேட்க ஆரம்பித்தது. ஆஸ்துமா என்று மருந்து உறிஞ்சிக்கொண்டிருந்தார். கடைசியில் சிரம்பான் பெரிய ஆஸ்பத்திரியில் குழாய் விட்டுப் பார்த்தபோது, குரல் நாண்களுக்குக் கீழே கட்டி என்றார்கள். அதனால்தான் குரல் அவ்வளவாகக் கெடவில்லை, மூச்சுதான் போகவில்லை. குரல்வளை முழுவதையும் எடுத்துவிட வேண்டும் என்றார் டாக்டர். கழுத்தில் ஒரு துளை வைப்பார்கள், அதன் வழியாகத்தான் இனி மூச்சு. பேச வேறு வழிகள் இருக்கின்றன, பழகிக்கொள்ளலாம் என்றும் சொன்னார். பாட்டைப் பற்றி அவர் எதுவும் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

திங்கட்கிழமை ஆஸ்பத்திரியில் சேர வேண்டும், செவ்வாய்க்கிழமை ஆபரேஷன். அதற்கு முந்தைய ஞாயிறு ஃபாதர் வரும் ஞாயிறு. "அன்னிக்கு என் பாட்ட நா பாடணும்" என்றார் மைக்கல்ராஜ். அவ்வளவுதான் அவர் கேட்டது. கூடவே ஒரு நிபந்தனையும் போட்டார். "சேப்பல்ல யாருக்கும் சொல்லாத. தொண்டையில சின்ன ஆபரேஷன்னு மட்டும் சொல்லு. என்னப் பாத்து அழுவுறவங்க முன்னாடி என்னால பாட முடியாது."

வெள்ளிக்கிழமை பயிற்சிக்குப் போனோம். அவரால் ஒரு மூச்சில் இரண்டு வார்த்தை பாட முடிந்தது, மூன்றாவது வருவதற்குள் நிறுத்தி இழுக்க வேண்டியிருந்தது. குழு நிறுத்துமா? தாளில்தான் கண். 'சோர்ந்து போன' என்று அவர் நிற்க, இவர்கள் 'நெஞ்சுக்குள்ளே'க்குள் ஓடிவிட்டார்கள். அவர் பிடித்துக்கொள்ளப் பாய்ந்தார், 'வந்தவரே'யில் மறுபடி மூச்சு நின்றது. கீத் கையைத் தூக்கி நிறுத்தச் சொன்னான், யார் பார்த்தார்கள்? "கொஞ்சம் மெதுவா, கொஞ்சம் நின்னு" என்று நானும் சொன்னேன். எல்லோரும் நன்றாகத் தலையாட்டினார்கள். அடுத்த முறையும் அப்படியே ஓடினார்கள்.

மூன்றாவது முறை மைக்கல்ராஜ் பாதியில் வாயை மூடிக்கொண்டு வெளியே போய் காரில் உட்கார்ந்துவிட்டார். சோப்ரானோ மேல்குரல் வரிசையில் நிற்கும் பெவர்லி, வாய் கொஞ்சம் நீளம், மனசு நல்லது, "என்னா ஆச்சு மைக்கலுக்கு? சளியா? பேசாம கீத்த பாடச் சொல்லலாமே" என்றாள். அவளைக் கடித்துக் குதறியிருப்பேன். வாக்குக் கொடுத்திருந்தேனே, வாயைத் திறக்க முடியவில்லை. தாள்களைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு வந்தேன்.

காரை நான்தான் ஓட்டினேன். லாபு ரயில்வே கேட் வந்ததும், "கீத்தே பாடட்டும்" என்றார். அவர் அழுதிருந்தால் தாங்கியிருப்பேன். அப்படிச் சாதாரணமாகச் சொன்னதைத்தான் தாங்க முடியவில்லை.

சனிக்கிழமை காலை அந்தத் தாளையே வெறித்துப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அழகான தாள். நேரத்துக்கு ஏற்ற இடம், ஒரு நூல் பிசகில்லை. ஓடச் சொல்லி நானே அடித்துக் கொடுத்திருக்கிறேன், அவர்களும் ஓடுகிறார்கள், அவர்களைத் திட்டி என்ன பயன் என்று அப்போதுதான் உறைத்தது. நிறுத்தக் குறி போட்டாலும் பார்க்க மாட்டார்கள். இடம் விட்டால் நிற்பார்கள். யாருக்கும் எதுவும் சொல்ல வேண்டியதில்லை.

அவரைச் சமையலறைக்குக் கூப்பிட்டேன். "வார்த்தை சரியா இருக்கான்னு பாக்கணும், ஒரு தரம் பாடுங்க" என்றேன்.

"அதான் கீத் பாடுறான்ல."

"கீத்துக்குக் குடுக்கத்தான். பாடுங்க."

நாற்காலியில் உட்கார்ந்து மெதுவாகப் பாடினார். நான் மேசைக்கு இந்தப் பக்கம் கணினியோடு. 'சோர்ந்து போன' என்று பாடி மூச்சை இழுத்தார். கழுத்துக்குக் கீழே குழி உள்ளே போனது, விசில் கேட்டது. அவர் இழுக்க இழுக்க நானும் மௌஸைப் பிடித்து அடுத்த நோட்டை வலது பக்கம் இழுத்துக்கொண்டே போனேன். அவர் 'நெஞ்' என்று வாயைத் திறந்ததும் விட்டேன். இப்படியே ஒவ்வொரு நிறுத்தத்துக்கும். பல்லவி முடிந்தபோது, ஒரு வரியில் அடங்கியிருந்த அது மூன்று வரிக்குப் போயிருந்தது. சரணத்தில் இடைவெளிகள் இன்னும் பெரிதாயின, அவருக்குக் களைத்துவிட்டது. நான் தலையைக் குனிந்துகொண்டு இழுத்தேன். கண்ணில் தண்ணீர் நின்றதால் நோட்டெல்லாம் இரண்டிரண்டாகத் தெரிந்தது.

அவர் எழுந்து வந்து என் தோளுக்கு மேல் பார்த்தார். நோட்டு வாசிக்கத் தெரியாது என்றேனே, வாசிக்கத் தெரிய வேண்டியதே இல்லை. வார்த்தைகளுக்கு நடுவே வெள்ளையாகக் கிடந்தது. எங்கெங்கே என்று பார்த்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது.

"இதப் போயி எல்லார் கையிலயும் குடுக்கப் போறியா?" என்றார். குரல் ஏறவில்லை, ஆனால் கோபம். "எனக்கு எங்கெங்க மூச்சு நிக்குதுன்னு அச்சடிச்சு வச்சிருக்க. துணிய அவுத்து நிறுத்துன மாரி இருக்கு."

"யாருக்குங்க தெரியும்?"

"பாத்தா தெரியாதா?"

"ஒருத்தருக்கும் தெரியாது. இந்தப் பொம்பள இந்த வாட்டி கண்றாவியா அடிச்சிருக்கான்னுதான் சொல்லுவாங்க. சொல்லட்டும்."

அவர் என்னையே பார்த்தார். என் தாளை யாராவது குறை சொன்னால் நான் வீட்டுக்கு வந்து எப்படிக் குதிப்பேன் என்று அவருக்குத் தெரியும். பெவர்லி ஒரு முறை 'எழுத்து பொடியா இருக்கு' என்றதற்கு ஒரு வாரம் அவளோடு பேசாமல் இருந்தவள் நான். அவர் போய்த் தண்ணீர் குடித்தார். குடிக்கவும் நேரமானது. பிறகு, "ரெண்டாஞ் சரணத்துல 'வழியில'க்கு அப்பறம் இன்னும் கொஞ்சம் விடு, அங்க பத்தாது" என்றார்.

நான் விட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு முன்னால், அவருக்குத் தொண்டையில் சின்ன ஆபரேஷன் என்று மட்டும் சொல்லிவிட்டுத் தாள்களைக் கொடுத்தேன். வழக்கமாக ஒரு தாளில் அடங்குகிற பாட்டு, மூன்று தாள் ஆகியிருந்தது. "என்னா பெட்ரிசியா இது, பல்லு விழுந்த வாய் மாரி இருக்கு!" என்று பெவர்லி சிரித்தாள். பக்கத்தில் இருந்தவர்களும் சிரித்தார்கள். "கம்ப்யூட்டர் கெட்டுப்போச்சு, கையில இருக்கிறத வச்சுப் பாடு" என்றேன். என் முகம் எப்படி இருந்ததோ, அவள் அதற்குமேல் பேசவில்லை. கீத் மட்டும் சிரிக்கவில்லை. முதல் தாளைப் பார்த்தான், மைக்கல்ராஜைப் பார்த்தான், இரண்டாவது தாளைத் திருப்பினான். படித்தவன், இடைவெளி எங்கே விழுகிறது என்று கண்டுகொண்டான். "ஆன்ட்டி" என்றான். எப்போதும் அக்கா என்கிறவன். "நீ ஒண்ணும் கேக்காத, அவங்க நிக்கிறப்ப நீயும் நில்லு" என்றேன். தலையை ஆட்டிவிட்டுக் கீபோர்டுக்குப் போனான்.

நற்கருணை நேரம். ஃபாதர் கீழே இறங்கினார், வரிசை நகர ஆரம்பித்தது. மைக்கல்ராஜ் பெஞ்சு முனையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

'சோர்ந்து போன…'

அவர் நிறுத்தினார். குழு நின்றது. ஓடாமல், 'போன'வைப் பிடித்துக்கொண்டு, எல்லோரும் சேர்ந்து நின்றார்கள். அவர்கள் கண்கள் தாளில் அடுத்த நோட்டை நோக்கி மெதுவாகப் போய்க்கொண்டிருந்தன, நான் இழுத்த வேகத்திலேயே. அந்தக் குரலுக்கு அடியில் அவர் மூச்சை இழுத்துக்கொண்டார். விசில் சத்தம் எனக்குக்கூடக் கேட்கவில்லை. 'நெஞ்சுக்குள்ளே' என்று எல்லோரும் ஒன்றாக இறங்கினார்கள்.

நான் பாடவே மறந்துவிட்டேன். பல்லவி முடிந்தது, முதல் சரணம் முடிந்தது. ஒவ்வொரு இடத்திலும் அவர்கள் நின்றார்கள். ஏன் நிற்கிறோம் என்று தெரியாமலே நின்றார்கள். பாட்டு வழக்கத்தைவிட ரொம்ப மெதுவாகப் போனது, ஆனால் கெடவில்லை. நற்கருணை வாங்கிவிட்டு இடத்துக்குத் திரும்பியவர்கள் முழங்காலில் இருந்தபடியே நிமிர்ந்து பார்த்தார்கள். இரண்டாம் சரணத்தில் அவர் சொல்லி நான் கூட்டிவிட்ட இடத்தில் எனக்குப் பக்கென்றது. அங்கேயும் நின்றார்கள், அவரும் வந்து சேர்ந்துகொண்டார். ஆண்டவரே, இனி ஒரு பல்லவிதான், முடித்துவிடுவார் என்று நினைத்தேன்.

கடைசிப் பல்லவி. 'சோர்ந்து போன' என்று குழு நின்றது. மைக்கல்ராஜ் நிற்கவில்லை.

அவர் மூச்சு வாங்காமல் மேலே போனார். 'நெஞ்சுக்குள்ளே சொல்லாமல் வந்தவரே' என்று பழைய வேகத்தில், லாரியில் பாடுகிற வேகத்தில், குழுவை விட்டுவிட்டுத் தனியாகப் போனார். கழுத்து நரம்பு புடைத்தது. நான் எட்டி அவர் கையைப் பிடிக்கப் போனேன், அவர் கையை விலக்கினார். 'ஓய்ந்து போகும் நேரத்திலும்' வரும்போது குரலில் பாதி காற்றாகிவிட்டது. 'ஒதுங்காமல் நின்றவரே' என்பதை முடித்துவிட்டார். எங்கே மூச்சு வாங்கினார் என்றே எனக்குத் தெரியவில்லை. முடித்ததும் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து, வாயைத் திறந்து காற்றை இழுத்தார்.

குழு இன்னும் முதல் வரியில்தான் இருந்தது. கீத் ஒரு கணம் தடுமாறி, அவர்களோடு நின்றுகொண்டான். அவர்கள் தாளை விட்டுக் கண்ணை எடுக்கவே இல்லை. 'நெஞ்சுக்குள்ளே' என்று பாடி, நான் விட்ட இடத்தில் நின்றார்கள். 'சொல்லாமல்' என்று பாடி நின்றார்கள். அவருக்கு எங்கெங்கே மூச்சு வேண்டுமோ அங்கெல்லாம் நின்று, அவர் இல்லாமல், கடைசி வரைக்கும் பாடிக்கொண்டு போனார்கள். மைக்கல்ராஜ் கையை மடியில் வைத்துக்கொண்டு, தலையைக் கொஞ்சம் சாய்த்து, கேட்டுக்கொண்டிருந்தார். 'நின்றவரே' முடியும்வரை அசையவில்லை.

பூசை முடிந்து வெளியே வந்ததும் பெவர்லி அவர் முதுகில் தட்டி, "ஆபரேஷன் முடிஞ்சு வாங்க, ஆனா இப்படி எங்கள விட்டுட்டு ஓடாதீங்க!" என்றாள். அவர் சிரித்தார்.

எனக்கு வந்த கோபத்தில் காரின் கதவை அடித்துச் சாத்தினேன். செம்பனைக்கு நடுவில் போகும் மண் பாதையில் காரை ஓட்டிக்கொண்டே கத்தினேன். "அங்கேயே மூச்சு நின்னு போயிருந்தா? ஒரு நாள் பூரா உக்காந்து இடம் விட்டேன், எதுக்கு விட்டேன்? ஏன் நிக்கல நீங்க?"

அவருக்கு மூச்சு மெல்லச் சரியானது. பிறகு ஜன்னலைப் பார்த்தபடி சொன்னார். "அவங்களுக்கு முன்னாடி முடிச்சாதான கேக்க முடியும்."

"என்னத்தக் கேக்க?"

"நா இல்லாம எப்படி இருக்குன்னு."

நான் காரை ஓரமாக நிறுத்தினேன். கேட்க விருப்பமே இல்லாமல் கேட்டேன். "எப்படி இருந்துச்சு?"

"நல்லாதான் இருந்துச்சு லா" என்றார்.